வயரிலிருந்து வைஃபைக்கு வீலேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா பக்கம் நெட்வொர்க் வேலைக்குக் கூப்பிட்டால் இடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சாலையோரம் அலுவலகம், நடுவில் வாய்க்கால், அக்கரையில் குடோன். கேபிள் புதைக்க வழியில்லை என்று இரண்டு பக்கமும் கம்பம் நட்டு ரேடியோ மாட்டிவிடுகிறார்கள். அதுவரை சிக்கல் இல்லை. கணக்கு கம்ப்யூட்டர், கேமரா, வருகிறவர்களுக்கான வைஃபை மூன்றையும் வீலேன் (ஒரே வயரில் பல தனித்தனி நெட்வொர்க்குகளை ஓடவிடும் முறை) போட்டுப் பிரிக்கும்போதுதான் போன் வர ஆரம்பிக்கிறது. அப்படி வந்த கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வீலேன் 10, கேமராவுக்கு 20, விருந்தினர் வைஃபைக்கு 30, சுவிட்சும் ரேடியோவும் நிர்வாகம் செய்ய 99.

வீலேன் டேக் என்கிறார்களே, அது ஃபிரேமில் எங்கே இருக்கிறது?

வயரில் போகும் தரவுப் பொட்டலமான ஈத்தர்நெட் ஃபிரேமில் முதலில் பெறுநரின் மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்), அடுத்து அனுப்புநரின் மேக் முகவரி. அதற்கு அடுத்தபடியாகச் செருகப்படும் 4 பைட்தான் டேக். 1998-இல் வந்த 802.1கியூ தரம் இதை வரையறுக்கிறது. முதல் 2 பைட் எப்போதும் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 8100. மற்ற 2 பைட்டில் 3 பிட் முன்னுரிமை, 1 பிட் நெரிசல் வந்தால் கைவிடலாம் என்ற குறி, மீதி 12 பிட் வீலேன் எண். 12 பிட்டில் 4096 எண்கள் வரும். 0-வும் 4095-ம் ஒதுக்கப்பட்டவை என்பதால் நமக்குக் கிடைப்பது 1 முதல் 4094 வரை.

பாக்கெட் கேப்சரில் (ஓடும் ஃபிரேம்களைப் பதிவு செய்து பார்ப்பதில்) பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். கேமராவிலிருந்து வரும் ஃபிரேமில் இரண்டு மேக் முகவரிக்கும் பின்னால் 8100 0014 என்று இருக்கும். ஹெக்ஸ் 14 என்றால் 20, அதாவது நம் கேமரா வீலேன். அதே இடத்தில் 8100 8014 என்று இருந்தால் வீலேன் அதே 20-தான், முன்னுரிமை மட்டும் 4. இந்த நான்கு இலக்கத்தைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினையை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த டேக் வைஃபையில் போகுமா, போகாதா?

இரண்டு சந்தர்ப்பங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

போனும் லேப்டாப்பும் வைஃபை கொடுக்கும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட்டோடு பேசும்போது சாதாரணமாக டேக் போவதில்லை, போகவும் தேவையில்லை. எந்த எஸ்எஸ்ஐடியில் (வைஃபை பெயரில்) சேர்ந்தது என்பதை வைத்து ஆக்சஸ் பாயின்ட்டே முடிவு செய்கிறது. 'ஆலை-விருந்தினர்' என்ற பெயரில் சேர்ந்த போனிலிருந்து வரும் ஃபிரேமுக்கு 30 என்று டேக் போட்டு வயருக்கு அனுப்பும். திரும்பி வரும்போது டேக்கைக் கழற்றிவிட்டுப் போனுக்குக் கொடுக்கும். சுவிட்சில் ஆக்சஸ் போர்ட் (ஒரே வீலேனுக்கு ஒதுக்கிய, டேக் இல்லாத போர்ட்) என்ன செய்கிறதோ அதே வேலை. ஆக்சஸ் பாயின்ட்டை ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் ஒரு கண்ணுக்குத் தெரியாத போர்ட் வைத்திருக்கும் சுவிட்ச் என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கம்பத்துக்குக் கம்பம் ரேடியோ வைத்து இரண்டு கட்டடங்களை இணைப்பது வேறு கதை. அங்கே டேக் காற்றிலும் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அக்கரையில் எது கேமரா, எது கணக்கு என்று தெரியாது. வைஃபை ஃபிரேமின் தலைப்பில் 802.1கியூ டேக்குக்கென்று தனி இடம் கிடையாது. ஆனால் தலைப்புக்குப் பின்னால், உள்ளே இருப்பது எந்த வகைத் தரவு என்று சொல்லும் ஒரு பகுதி உண்டு. அங்கே 8100 என்று எழுதி, டேக்கையும் தரவையும் சேர்த்து உள்ளே வைத்து அனுப்பலாம். ஆகவே காற்று டேக்கைத் தடுப்பதில்லை. இரு முனையிலும் உள்ள மென்பொருள் அதை அப்படியே கடத்துகிறதா, கழற்றுகிறதா, தூக்கிப் போடுகிறதா என்பதுதான் கேள்வி. இனி வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

சார், பழைய ரவுட்டரைக் கிளையன்ட் மோடில் (ஆக்சஸ் பாயின்ட்டில் போய்ச் சேரும் சாதனமாக) போட்டுப் பிரிட்ஜ் செய்தேன் (இரு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைத்தேன்). ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, அதற்குப் பின்னால் மாட்டிய கம்ப்யூட்டருக்கு மட்டும் நெட் வரவில்லை. வீலேன் தப்பா?

வீலேனுக்கு இதில் பங்கே இல்லை. டேக்கே இல்லாமல் முயன்றாலும் இப்படித்தான் ஆகும்.

சாதாரண வைஃபை கிளையன்ட் அனுப்பும் ஃபிரேமில் மூன்று முகவரிகள்தான் உபயோகமாகின்றன: ஆக்சஸ் பாயின்ட், அனுப்புநர், கடைசியில் போய்ச் சேர வேண்டியவர். காற்றில் அனுப்பும் ரேடியோவும் தரவின் உண்மையான அனுப்புநரும் ஒருவரே என்று வைத்துத்தான் இந்த ஏற்பாடு. பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் அனுப்பும்போது இரண்டும் வேறு வேறாகிவிடுகின்றன. ரேடியோ ஒரு மேக், கம்ப்யூட்டர் இன்னொரு மேக். ஆக்சஸ் பாயின்ட்டைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது மேக் தன்னிடம் சேராத ஆள். அதன் ஃபிரேமை வாங்காது. திரும்பி வரும் பதிலுக்கும் இதே கதி. கடைசிப் பெறுநர் எழுதப்படுகிறார், அவருக்கு முன்னால் எந்த ரேடியோ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுத இடமில்லை.

இதற்குத் தீர்வு நான்கு முகவரி முறை. டபிள்யூடிஎஸ் என்று மெனுவில் பார்த்திருப்பீர்கள். அனுப்பும் ரேடியோ, வாங்கும் ரேடியோ, உண்மையான அனுப்புநர், உண்மையான பெறுநர் நான்கும் தனித்தனியாக எழுதப்படும். லினக்ஸில் கிளையன்ட் முனையில் வைஃபை இடைமுகத்துக்கு (இன்டர்ஃபேஸுக்கு) நான்கு முகவரி முறையை ஆன் செய்ய வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் முனையில் ஹோஸ்ட்ஏபிடி (லினக்ஸ் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட்டாக்கும் மென்பொருள்) அமைப்பில் டபிள்யூடிஎஸ் நிலையங்களை, அதாவது கிளையன்ட்களை, அனுமதிக்க வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டால் பிரயோஜனமில்லை. நான்கு முகவரி இல்லாமல் கிளையன்ட் இடைமுகத்தைப் பிரிட்ஜில் சேர்க்கப் பார்த்தால் லினக்ஸ் கர்னலே மறுத்துவிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து டிரைவர் கெட்டுவிட்டது என்று வேறு அடாப்டர் வாங்கப் போகாதீர்கள்.

டபிள்யூடிஎஸ் எல்லாக் கம்பெனிச் சாதனங்களிலும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு முனையிலும் ஒரே கம்பெனி ரேடியோ வைப்பது என் கட்சி. மைக்ரோடிக் கம்பெனி ரேடியோவில் 'ஸ்டேஷன் பிரிட்ஜ்' என்ற மோட் இதே வேலையைச் செய்யும். எதிர்முனையும் மைக்ரோடிக்காக இருந்தால்தான் பேசும்.

ரிப்பீட்டர் போட்டால் எல்லாமே வேலை செய்கிறதே! அது எப்படி?

மலிவான ரிப்பீட்டர்கள் பலவும், மைக்ரோடிக்கின் 'சூடோ பிரிட்ஜ்' மோடும், பின்னால் இருக்கிற எல்லாச் சாதனங்களின் மேக்கையும் தன் மேக்காக மாற்றி அனுப்புகின்றன. பதில் வரும்போது ஐபி முகவரியைப் பார்த்து யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கின்றன. சாதாரண ஐபிவி4 போக்குவரத்து ஓடிவிடும். டேக் போட்ட ஃபிரேம் வந்தால் அந்தக் கணக்கு பெரும்பாலும் குழம்பிவிடும். வீட்டில் யூடியூப் பார்க்க ரிப்பீட்டர் சரி. வீலேன் கடத்த அதை நம்ப வேண்டாம்.

லினக்ஸ் பெட்டியில் பிரிட்ஜ் அமைக்கும்போது வீலேனை எங்கே பிரிப்பது?

இரண்டு வழி உண்டு. பழைய வழியில் ஈத்0 (வயர் போர்ட்டின் பெயர்) மேல் ஈத்0.10, ஈத்0.20, ஈத்0.30 என்று துணை இடைமுகங்களை உருவாக்கி, வீலேனுக்கு ஒரு பிரிட்ஜ் கட்டி, அதில் அந்தந்த எஸ்எஸ்ஐடியைச் சேர்ப்பது. இடைமுகத்தின் பெயரைப் பார்த்தாலே எது எங்கே போகிறது என்று தெரியும். ஆனால் நான்கு வீலேனுக்கு நான்கு பிரிட்ஜ் ஆகிவிடும். இதில் அடிக்கடி பார்க்கும் குளறுபடி, ஈத்0-வை ஒரு பிரிட்ஜிலும் ஈத்0.20-ஐ இன்னொரு பிரிட்ஜிலும் போடுவது. வீலேன் 20-க்குத் துணை இடைமுகம் இருப்பதால் அதன் ஃபிரேம் அங்கே போய்விடும். துணை இடைமுகம் இல்லாத மற்ற டேக்குகள் எல்லாம் டேக்கோடு முதல் பிரிட்ஜுக்குள் நுழையும். பிறகு எது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

புதிய வழியில் ஒரே பிரிட்ஜ், அதில் வீலேன் வடிகட்டலை ஆன் செய்துவிட்டு, போர்ட்டுக்குப் போர்ட் விதி எழுதுவது. ஈத்0-வில் 10, 20, 30, 99 எல்லாம் டேக்கோடு. விருந்தினர் எஸ்எஸ்ஐடி இடைமுகத்தில் 30 மட்டும், உள்ளே வரும்போது டேக் போட்டு, வெளியே போகும்போது கழற்றி. டபிள்யூடிஎஸ் இடைமுகத்தில் தேவையானவை எல்லாம் டேக்கோடு. ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்வர்ட் 21.02-இலிருந்து பல சாதனங்களில் இந்த முறைக்கு மாறிவிட்டது. நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். பட்டியலில் இல்லாத டேக்கோடு யாராவது வைஃபை வழியாக ஃபிரேம் அனுப்பினால் வாசலிலேயே விழுந்துவிடும். வடிகட்டல் ஆன் இல்லாத பிரிட்ஜில் இந்தக் காவல் கிடையாது. விருந்தினர் லேப்டாப்பில் கைதேர்ந்தவர் ஒருவர் தானே 20 என்று டேக் போட்டு அனுப்பிப் பார்க்கலாம்.

ஒரு விஷயம்: டபிள்யூடிஎஸ் கிளையன்ட் வந்து சேரும்போது ஹோஸ்ட்ஏபிடி அதற்கென்று ஒரு புது இடைமுகத்தை அப்போதுதான் உருவாக்குகிறது. லிங்க் அறுந்து மறுபடி சேர்ந்தால் அது புதிதாகப் பிறக்கும். கையால் எழுதிய வீலேன் விதி அதோடு போய்விடும். 'மதியம் வரை ஓடியது, கரண்ட் போய் வந்தபிறகு கேமரா இல்லை' என்ற புகாரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இடைமுகம் உருவாகும்போதெல்லாம் விதியும் தானாக எழுதப்படும்படி ஸ்கிரிப்ட் வைத்துவிடுங்கள்.

டபிள்யூலேன்0.20 என்று ஒரு இடைமுகம் தெரிகிறது. அது வீலேன் 20 டேக் போடுமா?

அது யார் உருவாக்கியது என்பதைப் பொறுத்தது. நீங்களே வீலேன் துணை இடைமுகமாக உருவாக்கியிருந்தால் டேக் போடும். ரேடியஸ் சர்வர் (யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் சர்வர்) சொல்லி ஹோஸ்ட்ஏபிடி உருவாக்கியிருந்தால் போடாது. அது அந்த வீலேனுக்கு ஒதுக்கப்பட்ட போன்களின் கூட்டம் மட்டும்; காற்றில் டேக் இல்லாமல்தான் பேசும். பெயரில் புள்ளி இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்து, அதற்கும் மேலே இன்னொரு டேக் போட்டு வைப்பவர்கள் உண்டு.

கேமரா போட்டவர் சாதாரண எட்டு போர்ட் பிஓஇ (கேபிளிலேயே கரண்ட் கொடுக்கும்) சுவிட்ச் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்துக்கொள்ளலாமா?

கேமராக்கள் மட்டும் அதில் இருந்தால் தாராளமாக. அந்தச் சுவிட்ச் முழுவதையும் ஒரு ஆக்சஸ் போர்ட்டில், வீலேன் 20-இல் மாட்டுங்கள்.

டிரங்க் (பல வீலேன்களை டேக்கோடு கடத்தும் இணைப்பு) நடுவில் அதை வைக்காதீர்கள். மேனேஜ்டு அல்லாத (அமைப்பு எதுவும் மாற்ற முடியாத) சுவிட்சுகள் பெரும்பாலும் டேக்கோடு வரும் ஃபிரேமை அப்படியே கடத்திவிடும், பிரிக்கத் தெரியாது. எல்லா வீலேனின் பிராட்காஸ்ட்டும் (எல்லோருக்கும் போகும் ஃபிரேம்) எல்லாப் போர்ட்டுக்கும் போகும். சிலது 1518 பைட்டுக்கு மேல் வந்தால் தூக்கிப் போடும்.

பிங் போகிறது, வாட்ஸ்அப் போகிறது, ஆனால் கேமரா ரெக்கார்டிங்கைத் திரும்பப் பார்த்தால் நின்றுவிடுகிறது. ஏன்?

ஃபிரேமின் அளவைச் சந்தேகப்படுங்கள். சாதாரண ஈத்தர்நெட் ஃபிரேம் அதிகபட்சம் 1518 பைட். டேக் சேர்ந்தால் 1522. வைஃபையில் ஒரு ஃபிரேமுக்குள் 2304 பைட் வரை தரவு வைக்கலாம், அதனால் காற்றில் இந்த 4 பைட் பெரிய விஷயமே இல்லை. இடிப்பது வயர் பக்கத்தில்: பழைய சுவிட்ச், பழைய பிஓஇ ரேடியோவின் ஈத்தர்நெட் சிப், அல்லது எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) அளவு பார்க்காமல் குறைத்து வைத்த பிரிட்ஜ். சின்னப் பாக்கெட்டுகள் தப்பித்துவிடும், பெரியவை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

சோதிப்பது எளிது. துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். அதோடு 28 பைட் தலைப்புகள் சேர்ந்தால் சரியாக 1500. அது போகவில்லை, 1468 போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நடுவில் ஏதோ ஒன்று டேக்குக்கு இடம் விடவில்லை.

நேட்டிவ் வீலேன் என்ன எண் வைப்பது?

டிரங்கில் டேக் இல்லாமல் வரும் ஃபிரேம் எந்த வீலேனைச் சேர்ந்தது என்பதே நேட்டிவ். இரண்டு முனையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்று இருந்தால் இரண்டு வீலேன்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். யாரும் புழங்காத ஒரு எண்ணை வைத்துவிட்டு, உண்மையான போக்குவரத்து எல்லாவற்றுக்கும் டேக் போட்டுவிடுவது நல்லது.

வீலேனுக்கு ஒரு எஸ்எஸ்ஐடி வீதம் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாமா? கும்பகோணத்தில் லாட்ஜ் நடத்துகிறோம், 2028 மகாமகத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

மூன்று, மிஞ்சினால் நான்கோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியும் 102.4 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று பீக்கன் அனுப்பும், யாரும் சேராவிட்டாலும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போனால் 250 பைட் பீக்கனுக்கே 2 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். ஐந்து பெயர் வைத்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் கூப்பாட்டுக்கே போய்விடும். அதுவும் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு. மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் பக்கத்து லாட்ஜின் பீக்கன்களும் அதே சேனலில்தான் இருக்கும். குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தி வையுங்கள், பழைய 802.11பி சாதனங்கள் விலகிப்போவதில் நஷ்டமில்லை.

பெயர் ஒன்றே இருந்து வீலேன் மட்டும் மாற வேண்டும் என்றால் ரேடியஸ் சர்வர் வைக்கலாம். உள்ளே விடும்போதே வீலேன் எண்ணையும் அது சொல்லும்: டனல் வகை 13, டனல் ஊடகம் 6, குழு எண்ணாக வீலேன் எண். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் ஆக்சஸ் பாயின்ட் அந்த ஆளை இயல்பு வீலேனில் போட்டுவிடலாம், உள்ளே விடாமலும் இருக்கலாம். லாட்ஜுக்கு அவ்வளவு தேவையில்லை என்றால், ஒரே எஸ்எஸ்ஐடியில் பாஸ்வேர்டைப் பொறுத்து வீலேன் மாறும் வசதி இருக்கும் ஆக்சஸ் பாயின்ட் வாங்குங்கள். வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வில் இது நன்றாக ஓடும். டபிள்யூபிஏ3-இல் சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும். மேக் முகவரியை வைத்து ஆளைப் பிரிக்க நினைக்காதீர்கள். இப்போதைய போன்கள் ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் ஒரு போலி மேக் காட்டுகின்றன.

டேக்கில் உள்ள முன்னுரிமை வைஃபையிலும் மதிக்கப்படுமா?

டேக் காற்றுவரை வந்தால் மதிக்கப்படும். வைஃபையில் நான்கு வரிசைகள் உண்டு: 6, 7 குரலுக்கு, 4, 5 வீடியோவுக்கு, 0, 3 சாதாரணம், 1, 2 பின்னணி. எண் பெரிதானால் முன்னுரிமை கூடும் என்ற பொதுக் கணக்குக்கு 0 மட்டும் விதிவிலக்கு, 1-க்கும் 2-க்கும் மேலே நிற்கும்.

டேக்கைக் கழற்றியபிறகு முன்னுரிமையும் அதோடு போய்விடுகிறது. அப்போது ஐபி தலைப்பில் உள்ள டிஎஸ்சிபி (முன்னுரிமைக் குறி) எண்ணைப் பார்ப்பார்கள். பல ஆக்சஸ் பாயின்ட்டுகள் அதன் முதல் 3 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால், ஐபி போன்கள் போடும் 46 என்ற எண் 5 ஆகிக் குரல் வரிசைக்குப் பதிலாக வீடியோ வரிசையில் போய் நிற்கிறது. 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் திருத்தச் சொல்கிறது. உங்கள் சாதனத்தில் அந்த மாற்று அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேப்சர் எடுத்துப் பார்த்தேன், டேக்கே தெரியவில்லை.

நெட்வொர்க் கார்டே டேக்கைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டிருக்கலாம். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை கொண்டு டேக் கழற்றும் ஆஃப்லோடை அணைத்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸில் பல டிரைவர்கள் டேக்கைக் காட்டவே காட்டாது. அங்கே எடுத்த கேப்சரை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

லிங்க் அடிக்கடி விழுகிறது என்று ஒரு கேபிளையும் இழுத்து மாட்டினோம். இப்போது எல்லாமே நின்றுவிட்டது.

லூப். ரேடியோ வழியாக ஒரு பாதை, கேபிள் வழியாக இன்னொரு பாதை. பிராட்காஸ்ட் ஒன்று கிளம்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், ரேடியோதான் முதலில் மூச்சுத் திணறும். கேபிளைப் பிடுங்கிவிட்டு ஸ்பானிங் ட்ரீயை (லூப்பைக் கண்டால் ஒரு பாதையை மூடிவிடும் வசதியை) ஆன் செய்யுங்கள். லினக்ஸ் பிரிட்ஜின் சொந்த ஸ்பானிங் ட்ரீ பழைய வகை: இயல்பு அமைப்பில் ஒரு போர்ட் திறக்க 30 செகண்ட் எடுக்கும். அதற்குள் சில சாதனங்கள் டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி தரும் சேவை) கேட்டு அலுத்துப்போய் 169.254-இல் தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். கோளாறு என்று நினைத்து ஓடாமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

அக்கரை ரேடியோவில் நிர்வாக வீலேனை மாற்றினேன், இப்போது உள்ளே போக முடியவில்லை.

இக்கரையில் ஒரு போர்ட்டை அதே வீலேனில் வைத்து முயலுங்கள்; அது பலிக்கவில்லை என்றால் கம்பம் ஏற வேண்டியதுதான். அடுத்த முறை எப்போதும் தொலைவில் இருப்பதை முதலில் மாற்றி, அருகில் இருப்பதைப் பிறகு மாற்றுங்கள். மைக்ரோடிக்கில் சேஃப் மோட் என்று ஒன்று இருக்கிறது. இணைப்பு அறுந்தால் செய்த மாற்றத்தைத் தானே திருப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரக் கம்பம் ஏறும் வேலையை அது மிச்சப்படுத்தும்.

நடுவில் தென்னை மரங்கள் இருக்கின்றன. அதனால்தான் கேமரா வீலேன் மட்டும் விழுகிறதா?

மரம் வீலேன் பார்த்து மறைக்காது. எல்லாமே விட்டுவிட்டு வந்தால் மரம். ஒரு வீலேன் மட்டும் போனால் அமைப்பு. 400 மீட்டர் லிங்கில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு நடுப்பகுதியில் நேர்க்கோட்டைச் சுற்றி 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆரத்தில் இடம் காலியாக இருக்க வேண்டும். இவ்வளவு தூரத்தில் மழை ஒன்றும் செய்யாது, நனைந்து ஆடும் மட்டைதான் செய்யும்.

இவ்வளவு பாடுபட்டு வீலேனைக் காற்றில் கடத்தத்தான் வேண்டுமா?

பல இடங்களில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குடோனில் பதினாறு கேமரா இருக்கிறதென்றால் ரெக்கார்டரையும் குடோனிலேயே வையுங்கள். அலுவலகத்தில் யாராவது பார்க்கும்போது மட்டும் அந்தப் படம் லிங்கைக் கடக்கும். அக்கரையில் ஒரு சின்ன ரவுட்டர் வைத்து இரண்டு பக்கத்துக்கும் தனி ஐபி வரிசை கொடுத்துவிட்டால் டேக், டபிள்யூடிஎஸ், லூப் எதுவும் கிடையாது. பிராட்காஸ்ட்டும் மல்டிகாஸ்ட்டும் (ஒரு குழுவுக்குப் போவது) வைஃபையில் மெதுவான அடிப்படை வேகத்தில் போகும் என்பதால், அவை அந்தந்தக் கரையிலேயே நின்றுவிடுவது லிங்குக்கும் நிம்மதி. எடைமேடை மென்பொருள் ஒரே நெட்வொர்க்கில்தான் சர்வரைத் தேடும், விருந்தினர் வைஃபை இரு கரையிலும் ஒரே கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டாயம் இருந்தால் மட்டும் பிரிட்ஜுக்குப் போங்கள்.

விருந்தினர் போனில் கணக்கு வீலேனின் ஐபிவி6 முகவரி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஐபிவி4 சரியாகத்தான் இருக்கிறது. இது எப்படி?

ஒரே எஸ்எஸ்ஐடியில் பல வீலேன் வைத்த இடங்களில் இது வரும். ஐபிவி6 ரவுட்டர் தன் அறிவிப்பை மல்டிகாஸ்ட்டாக அனுப்புகிறது. காற்றில் மல்டிகாஸ்ட் ஒரு பொதுக் குழுச் சாவியால் பூட்டப்படும். அந்தச் சாவி அந்த எஸ்எஸ்ஐடியில் சேர்ந்த எல்லோரிடமும் இருந்தால், வீலேன் 10-இன் அறிவிப்பை 30-இல் இருக்கும் போனும் திறந்து படித்துவிடும். ஹோஸ்ட்ஏபிடி ஒவ்வொரு வீலேனுக்கும் தனிக் குழுச் சாவி வைக்கிறது, அதனால் அங்கே இது நடக்காது. மலிவான சில ஆக்சஸ் பாயின்ட்டுகள் வைப்பதில்லை. அப்படிப்பட்டதில், மல்டிகாஸ்ட்டை ஆளுக்கு ஆள் யூனிகாஸ்ட்டாக மாற்றி அனுப்பும் விருப்பம் இருந்தால் ஆன் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த இரண்டு வீலேனையும் தனித்தனி எஸ்எஸ்ஐடியாகப் பிரித்துவிடுங்கள்.